தலையணை உறைக்குள் ஒரு லாவெண்டர் பை

அன்புள்ள சேகர்,

எண்ணிட்டு வைத்துக்கொள்ளாமல் பேச ஆரம்பித்தால் நான் பாதியில் தடுமாறி நின்றுவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். நூலகராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வரும் வியாதி அது. ஆகவே இந்தக் கடிதத்தில் வரப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. அந்தப் பைகள் என்ன, அவற்றுக்குள் என்ன இருந்தது.
2. வீட்டில் அவை எங்கெங்கே இருந்தன, எதற்காக.
3. கார்த்திகை தீபத்தன்று மாலை நடந்தது.
4. அன்று நீ சொன்ன ஒரு வாக்கியம்.
5. இப்போது நீ செய்ய வேண்டியது: சுமதியின் வீட்டுக்கு நேராகப் போய், நடந்ததற்கு வருத்தம் சொல்லி, அவளைத் திரும்ப நம் வீட்டுக்கு அழைத்து வருவது.

எனக்குக் கோபமே வராது என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். நீயும் அதை நம்பித்தான் வளர்ந்தாய். எனக்குக் கோபம் வரும். வந்ததும் பேச நினைத்த வார்த்தை நாக்கிலேயே நின்றுவிடும், பார்ப்பவர்களுக்கு நான் சாந்தமாக உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். தீபத்தன்று வந்த கோபம் தை முடிந்து மாசி பிறந்த பிறகும் அப்படியே இருக்கிறது. வாரம் தவறாமல் ராணிப்பேட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த நீ இப்போது வருவதில்லை. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத உன் மனைவி செங்கம் சாலையில் தன் அம்மா வீட்டில் இருக்கிறாள். ஒரே ஊருக்குள் இருந்துகொண்டு நான் அவளைப் போய்ப் பார்க்கவில்லை. உனக்கு நேரில் எதுவும் சொல்லவில்லை. நேரில் எனக்கு வராது. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்தை ஒளித்துவைத்து எழுதப்போவதில்லை. எழுதி முடியும்வரை முன்னறை மேசைமேல் திறந்தே கிடக்கும். உன் அம்மா படிக்கட்டும். அடி அண்ணாமலையிலிருந்து உன் பெரியம்மா வந்தால் அவளுக்கும் யாராவது படித்துக்காட்டட்டும். பக்கத்து வீட்டுக்காரர் செய்தித்தாள் வாங்க வரும்போது ஒரு பார்வை பார்த்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அன்று நடந்தது தெருவறிய நடந்தது. அதற்கான பதில் மட்டும் ஏன் உறைக்குள் இருக்க வேண்டும்?

முதலாவதற்கு வருகிறேன். சுமதியின் அம்மா, கணவர் போன பிறகு, ஆசிரமத்துக்கு வந்து தங்குகிறவர்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை நடத்தியவர் என்பதைப் பெண் பார்க்கப் போனபோதே சொன்னார்கள். அந்த அறைகளில் ஒன்றில் ஹெலன் என்கிற இங்கிலாந்துக்காரி பல வருடம் இருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில், சுமதி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் வந்தவர். அவருடைய தங்கை வருடத்துக்கு ஒருமுறை ஊரிலிருந்து காயவைத்த லாவெண்டர் பூவைப் பார்சலில் அனுப்புவாள். அதைச் சிறு துணிப் பைகளில் அடைத்துத் துணிமணிக்கு நடுவிலும் தலையணை அடியிலும் வைத்துக்கொள்வது அவர்கள் பக்கத்து வழக்கம். பவுடர் டப்பாவின்மேல் பெயராக மட்டுமே நான் பார்த்திருந்த பூ அது. சுமதி அதன் விதையை இங்கே தொட்டியில் போட்டும் பார்த்திருக்கிறாள். முளைத்து விரல் உயரம் வந்ததாம். சித்திரை வெயிலில் மலையே காயும்போது அந்தச் செடி எம்மாத்திரம்? பிறகு, வருகிற பூவைச் சிக்கனமாகக் கையாளக் கற்றுக்கொண்டாள்.

அவள் தைக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். புதுத்துணி ஆகாது, கஞ்சி இருக்கும், வாசனை வெளியே வராது. பட்டு ஆகாது, வலைத்துணியும் ஆகாது; ஒன்று மூச்சுவிடாது, இன்னொன்றில் பூ உதிர்ந்து கொட்டும். பல தடவை துவைத்து மெலிந்த பருத்தி வேட்டிதான் சரி. உள்ளங்கை அளவுக்குத் துண்டு போட்டு, இரண்டாக மடித்து, இரண்டு பக்கம் நெருக்கமாகத் தைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பாதிக்குமேல் கொஞ்சம் பூவைப் போட்டு, வாயைச் சுருக்கி ஊதா நூலால் முடிச்சுப் போடுவாள். நிறைய அடைக்கக் கூடாது. "பை தளர்வா இருந்தாத்தான் மாமா கசக்க முடியும். கசக்குனாத்தான் வாசனை திரும்ப வரும்" என்றாள். வாரத்துக்கு ஒருமுறை விரலால் கசக்கிவிட வேண்டும். மழைக்காலத்தில் நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் வாசனை பறந்துவிடும். பூ குறைவாக இருந்ததால் பெரும்பாலான பைகளில் நம் ஊர்ச் சரக்கும் கலந்திருந்தது: காய்ந்த மரிக்கொழுந்து, பொடியாக நறுக்கிய வெட்டிவேர். கிராம்பும் இருந்ததாக ஞாபகம், ஆனால் நிச்சயமில்லை. இதை விசாரித்துத்தான் எழுத வேண்டும், இடம் விட்டிருக்கிறேன்.

இரண்டாவது. நம் பீரோ மழைக்காலத்தில் எப்படி நாறும் என்பது உனக்கே தெரியும். ஐப்பசியில் அதைத் திறந்தால் ஈரச் சாக்கின் வாடை வரும். உன் அம்மா அந்துருண்டை போட்டுப் போட்டு, கல்யாண வீட்டில் நாங்கள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் தும்முவார். சுமதி, "அத்தை, பீரோவுக்கு நான் வாசனைப் பை வக்கிறேன்" என்று கேட்டுத்தான் வைத்தாள். உன் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் இரண்டு, உன் சட்டைகளோடு ஒன்று, போர்வைப் பெட்டியில் ஒன்று, என் புத்தக அலமாரியில் வசம்புப் பொடி சேர்த்துத் தட்டுக்கு ஒன்று. என் அலமாரியில் ராமபாணப் பூச்சி அட்டையை அரிப்பதைப் பார்த்து, நான் கேட்காமலே அவள் செய்தது அது. அதுவரை அந்த அலமாரியை இந்த வீட்டில் யாரும் திறந்து பார்த்ததில்லை. உன் அம்மா எதிர்வீட்டம்மாளை உள்ளே கூப்பிட்டு, புடவையை மடியில் விரித்துப் போட்டு, "மோந்து பாருங்க, என் மருமக வேல" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். இதை எழுதும்போது உன் அம்மா என் பின்னால் வந்து நின்று இந்த வரிவரைக்கும் படித்துவிட்டாள்.

"என்னப் பத்தி இப்படியா எழுதுவீங்க?"

"பொய்யா?"

"பொய்யின்னு சொன்னனா? இப்படியா எழுதுவீங்கன்னு கேட்டேன்."

உள்ளே போய்விட்டாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் மட்டும் ஜாஸ்தியாகக் கேட்கிறது. கேட்கட்டும்.

உன் தலையணைக்கு வந்த பை மட்டும் அம்மாவுக்குத் தெரியாதது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்தால் உனக்குப் பகலில் கண் மூடாது. புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்கட்டில் நீ சுமதியிடம் கேட்டாய்: "உங்க ஹெலன் அம்மா தூக்கத்துக்கு ஏதோ பை வச்சிக்குவாங்கன்னு சொன்னியே, எனக்கு ஒண்ணு தச்சிக் கொடேன்." கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்காகவே கலப்பில்லாத பூவாக எடுத்துவைத்துத் தைத்தாள். துணி, உன்னுடைய பழைய வேட்டி. அதை எடுத்துக் கொடுத்ததும் நீதான். அன்றிலிருந்து நீ தூங்கினாய். முகம் தெளிந்தது. ராணிப்பேட்டை அறைக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாய். உன் பெட்டியில் ஷேவிங் சாமான்களோடு அது இருந்ததை, சீப்பு தேடும்போது பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்பது நான்காவதில் தெரியும்.

மூன்றாவது. தீபத்தன்று காலையில் நீ ஷிஃப்ட் முடித்துக் கூட்ட பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாய். சாப்பிட்டுப் படுத்தவன் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. உன் பெரியம்மா மதியமே வந்துவிட்டாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு எல்லோரும் மொட்டை மாடிக்குப் போனோம். மலை உச்சியில் சுடர் தெரிந்ததும் நான்கு பக்கத்து மாடிகளிலிருந்தும் அரோகரா எழுந்தது. பெரியம்மா கும்பிட்ட கையை இறக்காமலே, "சேகரு எங்கடீ?" என்றாள். உன் அம்மா, "தூங்கறான்க்கா, நைட்டெல்லாம் வேல" என்றாள். "எந்தெந்த ஊர்லருந்தோ ஜனம் வந்து தீபம் பாக்குது. இந்த ஊர்ல பொறந்தவன் தீபம் ஏத்தும்போது தூங்குவானாடீ?" என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்கினாள். நாங்களும் பின்னாலேயே இறங்கினோம்.

உன்னை உலுக்கினாள். நீ புரண்டு படுத்தாய். தலையணையை இழுத்தாள். உறைக்குள் கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள். மெலிந்த துணி, ஊதா நூல், மூன்று முடிச்சு, உள்ளே கரகரவென்று ஏதோ காய்ந்த பொருள். நம் பக்கத்தில் இப்படி ஒன்றைத் தலைமாட்டில் கண்டெடுத்தால் வசிய மருந்து என்றுதான் முதலில் நினைப்பார்கள் என்பதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"யாரு வச்சது இது?"

"நான்தான் பெரியத்தை. அவருக்குத் தூக்கம் வரலன்னு."

"தூக்கம் வரலன்னு மருந்து வச்சியா?"

"மருந்து இல்லீங்க. பூவு. லாவெண்டர்."

"பூவத் தலையில வப்பாங்க. தலகாணிக்குள்ள எவ வப்பா? துணி யாருது?"

"அவரு பழைய வேட்டி."

பெரியம்மா உன் அம்மா பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டியா? கட்டுன வேட்டியக் கிழிச்சி முடிச்சுப் போட்டு வச்சிருக்கேன்னு அவளே சொல்றா. நான் அப்பவே நெனச்சேன். மாசத்துக்கு ஒருவாட்டி வந்துகினு இருந்தவன் வாரா வாரம் வர்றான். வந்தா அம்மா எங்கன்னு கேட்டவன் இப்ப சுமதி எங்கன்னு கேக்கறான். வெள்ளக்காரிங்க மடியில வளந்தவளக் கட்டாதன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன்."

கல்யாணமான ஒருவன் வாரக் கடைசியில் மனைவியைப் பார்க்க வருவதற்கு மருந்து வேண்டுமா, சேகர்? அந்தப் பெண் பொய் சொல்லத் தெரிந்தவளாக இருந்தால், துணி யாருடையது என்று கேட்டபோது கடைத்துணி என்று சொல்லியிருப்பாள். உண்மையைச் சொன்னதுதான் அவள்மேல் குற்றமாகத் திரும்பியது. அதன்பின் வீட்டைச் சோதனை போட்டார்கள். பீரோ, போர்வைப் பெட்டி, என் அலமாரி. ஒவ்வொரு பையும் வெளியே வர வர, பெரியம்மா உச்சுக் கொட்டினாள். பட்டுப்புடவைக்குள்ளிருந்து எடுத்தபோது உன் அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதிர்வீட்டம்மாளுக்குக் காட்டிப் பெருமைப்பட்ட அதே பை அது. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அக்காவிடம் சின்ன வயதிலிருந்து பயம். அந்தப் பயத்தை நான் புரிந்துகொள்கிறேன், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நானும் அங்கேதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "லாவெண்டர் என்பது ஒரு செடிதான்" என்று சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. எழுந்துபோய் என் ஆங்கில அகராதியைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். பெரியம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "புக்குல போட்டிருந்தா மருந்து இல்லன்னு ஆயிடுமாங்க? வெஷத்துக்கும்தான் புக்குல பேரு இருக்கும்" என்றாள். தர்க்கத்தில் அது சரியான கேள்வி. அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்ததில் பேச வேண்டிய நேரம் போய்விட்டது. பதில் இப்போதுதான் கிடைத்திருக்கிறது: விஷத்தை யாரும் மாமனாரின் புத்தக அலமாரியில் தட்டுக்குத் தட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வைப்பதில்லை. இரண்டு மாதம் தாமதமாக வந்தாலும் நல்ல பதில்தான்.

நான்காவது. இத்தனை சத்தத்தில் நீ எழுந்து உட்கார்ந்துவிட்டாய். சுமதி உன்னைப் பார்த்தாள். அவள் அழவில்லை. ஏனென்றால் இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த நிமிடத்தில் அவள் நம்பினாள். "நீங்க சொல்லுங்க. நீங்கதான கேட்டீங்க" என்றாள். நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு, உன் பெரியம்மாவைப் பார்த்தாய், அம்மாவைப் பார்த்தாய், பிறகு சொன்னாய்: "எனக்கு என்ன தெரியும்? அவ ஏதோ வச்சிக்கினு இருந்தா."

தூக்கக் கலக்கம் என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். தூக்கக் கலக்கம் முகம் கழுவியதும் போய்விடும். நீ முகம் கழுவிய பிறகும் அதே பேச்சில்தான் இருந்தாய். பெரியம்மா பைகளையெல்லாம் முறத்தில் போட்டு, எலுமிச்சம்பழமும் சூடமும் வைத்து, முச்சந்திக்குக் கொண்டுபோய்க் கொளுத்தினாள். நீ வாசலில் நின்று பார்த்தாய். பூ எரிந்த வாசனை தெரு முழுக்கப் பரவியது. கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த வெளியூர்க்காரர் ஒருவர் நின்று மூச்சை இழுத்து, "எந்தக் கடை சாம்பிராணிங்க இது? சூப்பரா கீதே" என்று பெரியம்மாவையே கேட்டார். அவருக்கு என்ன தெரியும், பாவம். ஆனால் உனக்குத் தெரியும். அந்த நேரத்திலும் உன் பெட்டிக்குள் ஒரு பை பத்திரமாக இருந்தது. முறத்தில் அதை மட்டும் யாரும் போடவில்லை. நீயும் எடுத்துக் கொடுக்கவில்லை. அதை மருந்து என்று நீ நம்பியிருந்தால் எடுத்து எறிந்திருப்பாய். மருந்து இல்லை என்று தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருப்பாய். இரண்டும் செய்யாமல், வாசனையை நீ வைத்துக்கொண்டு பழியை அவளுக்குக் கொடுத்தாய். எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான். இதை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது, பார்.

எட்டாம் வகுப்பில் உன் பக்கத்துப் பையன் காம்பஸ் பெட்டியைத் திருடினான் என்று வாத்தியார் சொன்னபோது, "இல்ல சார், அது அவனோடது, நான் கூட இருந்தப்பதான் வாங்கினான்" என்று எழுந்து நின்று, அவனோடு சேர்ந்து நீயும் அடி வாங்கினாய். கை வீங்கி வந்த உன்னிடம் அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "உனக்கு எதுக்குடா வம்பு?" என்றேன். எனக்கு அது ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகள் அப்பாவிடமிருந்து எதைக் கற்றுக்கொள்வார்கள், எதை விட்டுவிடுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. நீ சரியாக அந்த ஒரு வரியைக் கற்றுக்கொண்டாய். அதற்காக உன்மேல் உள்ள கோபம் குறைகிறதா என்று யோசித்துப் பார்த்தேன். குறையவில்லை. நீ இப்போது எட்டாம் வகுப்பு இல்லை.

மறுநாள் காலையில் சுமதி எழுந்து, வாசல் தெளித்து, எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு, "அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்றாள். இரு என்று யாரும் சொல்லவில்லை.

இங்கே ஒரு நாள் எழுதுவதை நிறுத்தினேன். ஐந்தாவதை எழுத உட்கார்ந்தபோது, முதலாவதில் கிராம்புக்காக இடம் விட்டது உறுத்தியது. பைக்குள் என்ன இருந்தது என்பதே முழுதாகத் தெரியாமல் மற்றவர்கள்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? விசாரித்துவிடலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு செங்கம் சாலைக்கு நடந்தேன். கிராம்பு என்கிற ஒரு காரணம் கிடைத்ததால்தான் என்னால் போக முடிந்தது.

சுமதி ஓர் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் விளக்குமாற்றைச் சுவரோரம் வைத்துவிட்டு, "வாங்க மாமா" என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். இளைத்திருக்கிறாள். அவள் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் "வாங்க" என்றுவிட்டு உள்ளே போனார். நான் நலம் விசாரிக்கத் தெரியாமல் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"அந்தப் பையில கிராம்பு போட்டியாம்மா?"

"பீரோ பையில மட்டும் போட்டேன் மாமா. தலகாணிப் பையில போடல. குத்தும். எதுக்குக் கேக்கறீங்க?"

"சேகருக்கு எழுதிக்கிட்டிருக்கேன். எல்லாம் சரியா இருக்கணும்."

"அதுல என்ன இருந்துதுன்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

கடிதத்தின் ஐந்து பகுதிகளையும் சொன்னேன். ஐந்தாவதைச் சொன்னதும், உன்னை வரச்சொல்லி அவளைத் திரும்ப நம் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லப்போகிறேன் என்றதும், அவள் மறுப்பாகத் தலையை அசைத்தாள்.

"அவரு வந்து கேட்டா நான் பேசுவேன் மாமா. கோவம் இருக்குது. ஆனா பேசுவேன். அந்த வீட்டுக்கு மட்டும் வர முடியாது. பெரியத்தை என்ன சொன்னாங்கன்றது இல்ல. நாளைக்கு நான் ஒரு தலகாணிக்கு உறை போட்டா அத்தை பாப்பாங்க. ரசம் வச்சா கரண்டிய பாப்பாங்க. அவங்களுக்கே பாக்கணும்னு இருக்காது, ஆனா பாப்பாங்க. ஒருவாட்டி மருந்துன்னு பேரு வந்துட்டா, கை வச்சதெல்லாம் மருந்துதான்."

"நான் இருக்கேனேம்மா" என்றேன்.

அவள் குனிந்து புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தது எனக்குத் தெரிந்தது.

"மறுநாள் காலைல காபி குடுத்தேன் இல்ல, மாமா. நீங்க குடிக்கறதுக்கு முன்னாடி மோந்து பாத்தீங்க."

நான் எப்போதுமே காபியை முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பேன். அது உனக்குத் தெரியும், உன் அம்மாவுக்குத் தெரியும். டிகாக்‌ஷன் வாசனைக்காகச் செய்வது அது. அவளிடமும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அன்று காலை டம்ளரை மூக்கருகே கொண்டுபோனபோது எந்த வாசனையைத் தேடினேன் என்று யோசித்துப் பார்த்தேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. திரும்பி நடந்து வரும்போதும் யோசித்தேன். இதை எழுதும் இந்த நிமிடத்திலும் சொல்ல முடியவில்லை. அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்த நானே அப்படி என்றால், இந்த வீட்டில் அவளுக்கு எந்த மூலை மிச்சம் இருக்கிறது?

நான் எழும்போது அவள் காபி கொண்டுவந்தாள். வாங்கினேன். முகராமல், ஆறவும் விடாமல், ஒரே மூச்சில் குடித்தேன். நாக்கு வெந்துவிட்டது. "மெதுவா குடிங்க மாமா" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்ததா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து இந்தத் தாள்களைத் திரும்பப் படித்தேன். முதலாவதில் கிராம்புக்கு விட்ட இடத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறேன். பதில் பின்னால் வந்துவிட்டது. மற்றவற்றில் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. நான்காவதில் கோபம் அதிகமோ என்று இரண்டு முறை தோன்றியது; இரண்டு முறையும் அப்படியே விட்டுவிட்டேன். ஐந்தாவது மட்டும் தவறு. அவளை நம் வீட்டுக்கு அழைத்து வா என்று எழுதியிருந்தேன். அது அவளுடைய நன்மைக்காக எழுதியது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பீரோ மறுபடி ஈரச் சாக்காக நாறுவதும், என் அலமாரியை யாரும் திறக்காததும்தான் அதை எழுதவைத்தன போலிருக்கிறது. அதை அடித்துவிட்டு இப்படிப் படித்துக்கொள்: செங்கம் சாலைக்கு நேராகப் போ. உன் பெட்டியில் இருக்கும் அந்த ஒரு பையை எடுத்துப் போய், அவள் அம்மாவின் முன்னால் அவள் கையில் கொடுத்து, நான்தான் கேட்டேன் என்று சொல். அவள் வரச் சம்மதித்தால் இங்கே கூட்டிவராதே. ராணிப்பேட்டையில் ஒரு வீடு பார்த்து அழைத்துக்கொண்டு போ. ஒற்றை அறையானாலும் சரி. அங்கே அவள் தலையணைக்கு உறை போடும்போது யாரும் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

உன் அம்மா இந்த வரியையும் படித்துவிட்டாள். உள்ளே போய், என்னுடைய பழைய வேட்டிகளில் மெலிந்ததாக ஒன்றைத் தேடி எடுத்து, மடித்து, கடிதத்தின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நீ போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா